மணியாச்சியில் வண்டி மாறியவர்கள்

மணியாச்சிக்கென்றே டிக்கெட் எடுத்து வந்து இறங்கியவர்கள் எந்தக் காலத்திலும் குறைவுதான். ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் காட்டில், பழைய பாளையம் ஒன்றின் பெயரோடு இருக்கிற சின்ன ஊர் அது. ஊரைவிட அதன் ரயில் நிலையத்துக்குப் பெயர் அதிகம். மதுரையிலிருந்து கோவில்பட்டி, கடம்பூர் வழியாக இறங்கி வரும் தண்டவாளம் இங்கேதான் கவட்டைபோல் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கிழக்கே தூத்துக்குடிக்கும் மற்றொரு கை தெற்கே திருநெல்வேலிக்கும் போகிறது. இரண்டுக்கும் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

இன்றைக்கு யாரைக் கேட்டாலும் திருநெல்வேலிப் பாதைதான் பிரதானம், தூத்துக்குடிக்குப் போவது கிளை என்பார்கள். நிலையம் பிறந்தபோது நிலைமை நேர்மாறு. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குக் குறி தூத்துக்குடித் துறைமுகம். நெல்லைச் சீமைப் பருத்தி மாட்டு வண்டிகளில் நாள்கணக்கில் போய்ச் சேர்ந்த இடம் அது. கொழும்புக்குக் கப்பல் ஏறும் இடமும் அதுவே. 1875-76இல் மதுரையிலிருந்து கடலைத் தொட்ட அந்த மீட்டர் கேஜ் பாதையில், மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிடைத்தது மணியாச்சியிலிருந்து ஒரு கிளைதான். கலெக்டரே வண்டி மாறித்தான் வெளியூர் போக வேண்டும். இந்த ஏற்பாடு பின்னால் ஒரு உயிரை வாங்கும் என்று கம்பெனி எண்ணியிருக்காது.

புதுப் பாதையில் மணியாச்சிக்கு முதலில் வந்த பெரும் கூட்டம் பயணிகள் கூட்டமல்ல. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர், இலங்கையிலிருந்து கடல் வழியே தூத்துக்குடி வந்திறங்கி ரயில் ஏறினார். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவர்கள் அவரைப் பார்க்கக் கூடிய இடம் மணியாச்சி. அவர்களை முன்னின்று அழைத்து வந்தவர்களில் இருவர் பாளையங்கோட்டைப் பாதிரியார் சார்ஜென்டும் இடையன்குடிப் பாதிரியார் கால்டுவெல்லும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். இளவரசருக்குத் திருநெல்வேலிவரை வந்து போக நேரமில்லை. ஆகவே சனம் ஜங்ஷனுக்கு வந்தது. பெரிய ஊர்களுக்கு நடுவே சந்திக்கும் இடம் என்ற வேலை அந்த நிலையத்துக்கு அப்போதே அமைந்துவிட்டது.

அடுத்த சில பத்தாண்டுகள் அதற்கு நல்ல காலம். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடிய வண்டி கொழும்புக் கப்பலோடு நேரம் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் போட் மெயில் என்று பெயர். வியாபாரிகள், துரைமார்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்கள் எல்லாரும் இந்த வழிதான். தூத்துக்குடிக்குப் போகும் கையில் உள்ள தட்டப்பாறையில், இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றுமுன் தங்கவைக்கும் முகாம் இருந்தது.

அதே கடல் வழியில் வெள்ளைக்காரர்களின் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் மணியாச்சிக்கு அதிக தூரமில்லை. 1908 மார்ச்சில் அவரும் உடன் இயங்கிய சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். அதை எதிர்த்துத் திருநெல்வேலியில் கலவரம் வெடித்துத் துப்பாக்கிச் சூடு நடந்தது. தூத்துக்குடியில் அன்று சப் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ். சுதேசிக் கம்பெனி நொடித்துப்போனதில் அவர் பங்கை மக்கள் மறக்கவில்லை. 1910இல் அவரே மாவட்டக் கலெக்டர் பொறுப்புக்கு வந்தார்.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷின் குழந்தைகள் கொடைக்கானலில் இருந்தார்கள். ஆஷும் மனைவி மேரியும் அங்கே போவதற்காகக் காலை ஒன்பதரை மணி வாக்கில் திருநெல்வேலியில் மணியாச்சி வண்டி ஏறினார்கள். வண்டி 10.38க்கு மணியாச்சி வந்து நின்றது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. நடுவில் இருந்த பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குடுமி வைத்த, நேர்த்தியாக உடுத்திய இளைஞர் ஒருவர் பெட்டியில் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் நெஞ்சில் சுட்டார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர், பெயர் வாஞ்சிநாதன். ஆனி மாதக் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதன் இரைச்சலில் வெடிச் சத்தமே அமுங்கிப்போனதாம். சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூசுக்குள் புகுந்து வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். உடன் வந்தவர் தப்பிவிட்டார். ஆஷை ஏற்றிக்கொண்டு வண்டி வந்த வழியே திருநெல்வேலிக்குத் திரும்பியது. கங்கைகொண்டானைத் தாண்டும் முன்பே அவர் உயிர் போய்விட்டது. பாளையங்கோட்டையில் அடக்கம் செய்தார்கள்.

ஏன் மணியாச்சி என்று கேட்டால் கொள்கையில் விடை தேட வேண்டியதில்லை. கால அட்டவணையில் இருக்கிறது. மாவட்டத்தின் முதல் அதிகாரி, அவ்வளவாகக் காவல் இல்லாமல், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று வெளியாள் ஒருவர் முன்கூட்டியே சொல்லக்கூடிய இடம் வண்டி மாறும் ஜங்ஷன்தானே.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்து நாள் கழித்து நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைத் தாக்கியது. அதில் சனாதனமும் சாதி இழிவும் கலந்த சொற்கள் இருப்பதால் அவரைத் தியாகி என்பதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கடிதத்தை மறைத்துவிட்டு வாஞ்சியைப் பேசுவதும், 1908ஐ மறைத்துவிட்டு ஆஷைப் பேசுவதும் பாதி வேலை.

நிலையத்துக்கு விழுந்த பெரிய அடி துப்பாக்கியால் வந்ததல்ல. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடிவரை ரயிலில் போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். கடல் பயணம் வெகுவாகக் குறைந்தது. போட் மெயில் என்ற பெயரும் மதுரையோடு கிழக்கே திரும்பிவிட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது எல்லாரும் அறிந்த கதை. ஆனால் தனுஷ்கோடி எழுந்ததால் மணியாச்சி இளைத்த கதையை யாரும் சொல்வதில்லை.

தெற்கே போன கை மெல்லத் தடித்தது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லத்துக்கு 1904லேயே பாதை போட்டாகிவிட்டது. 1981இல் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம்வரை அகலப்பாதை இணைந்தது. பின்னர் மதுரைப் பக்கத்து மீட்டர் கேஜும் அகலமானபோது, குமரிமுனைக்கும் கேரளத்துக்கும் போகும் வண்டிகளெல்லாம் தெற்குக் கையில் ஓடின. கடலுக்கென்று போட்ட பிரதான பாதை கிளையாகிவிட்டது. எந்த அறிவிப்பும் இல்லை, எந்த ஆணையும் இல்லை, போக்குவரத்தே தீர்மானித்தது.

பெயர் மாற்றத்துக்கு மட்டும் ஆணை வந்தது. 1988இல் நிலையம் வாஞ்சி மணியாச்சி ஆனது. அப்போது திருநெல்வேலி மக்களவை உறுப்பினராக இருந்த கடம்பூர் ஜனார்த்தனன் எழுப்பிய கோரிக்கை அது. ஆஷுக்கும் நினைவுச் சின்னம் இல்லாமலில்லை. தூத்துக்குடியில் பழைய துறைமுகப் பக்கம் மண்டபம் இருக்கிறது. கொன்றவருக்கு ஒரு கை முளைக்கும் இடத்திலும் கொல்லப்பட்டவருக்கு அதே கை முடியும் இடத்திலும் நினைவிடம் அமைந்துவிட்டது.

ஜங்ஷனுக்குரிய வேலை சமீப காலம்வரை நடந்தது. சென்னையிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகள் சில இருந்தன. மணியாச்சியில் அவற்றைக் கழற்றி, வேறு இன்ஜினை மாட்டிக் கிழக்கே அனுப்புவார்கள். திரும்பும்போது கோத்துக்கொள்வார்கள். கோவை வண்டிக்கும் இப்படி இணைப்பு இருந்தது. இந்த வேலைக்காக வண்டி நிற்கும் நேரம் பயணிகளுக்குச் சலிப்பு. தின்பண்டம் விற்பவர்களுக்கு அதுவே வரும்படி. ஆனாலும் பெயர் வாங்கியது முந்தைய நிலையத்துக் கடம்பூர் போளிதான். இணைப்புப் பெட்டிகள் இப்போது நின்றுவிட்டன.

2024 தொடக்கத்தில் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கும், மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் பக்கமும் இரட்டைப் பாதை வந்துவிட்டதாக அறிவித்தார்கள். எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்த காலம் போயிற்று. பல விரைவு வண்டிகள் நிற்காமலே கடக்கின்றன. இன்னும் கட்டாயமாக நிற்க வேண்டியவை தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடுபவை. 1876இல் மதுரையைப் பார்த்துப் போட்ட கவட்டையின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நேராகப் போக முடியாது. இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்ட வேண்டும். தூத்துக்குடியில் ஏறி, வண்டி போகும் திசையைப் பார்த்து ஜன்னலோரம் இடம் பிடித்தவர், மணியாச்சிக்குப் பிறகு முதுகைக் காட்டியபடியேதான் திருநெல்வேலி போய்ச் சேருகிறார்.