மலை உச்சியில் தீக்காவல் பரண்

சோளக் கொல்லையிலே பரண் கட்டிக் காவல் இருப்பது உங்களுக்குப் புதிதல்ல. குருவி கதிரிலே உட்காருமுன்னே கவணை எடுக்க வேண்டும். தின்று முடித்த பிறகு எடுத்து என்ன பிரயோசனம்? இதே மாதிரி, மலை உச்சியிலே குடில் கட்டிக் காட்டுத் தீக்குக் காவல் இருந்தவர்களின் கதையை இன்று சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 10 லட்சம் ஏக்கர் பரப்பு. பனிமலையும் ஏரியும் காடும்தான். கோடை வந்தால் அங்கே மக்கள் வழிகாட்டியோடு சிறு கூட்டமாக மலையேறி, பழைய தீக்காவல் குடில்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு மரக் குடிலைப் பார்க்கவா இத்தனை தூரம் நடக்கிறார்கள் என்று கேட்பீர்கள். குடில் சிறிசுதான், அதன் பின்னே இருக்கிற சங்கதி பெரிசு.

1910-ம் ஆண்டு மே மாதம் இந்தப் பூங்கா ஏற்பட்டது. அந்தக் கோடையிலே மழை பொய்த்துவிட்டது. இடி விழுந்தும், ரயில் எஞ்சினிலிருந்து பொறி தெறித்தும் காட்டில் ஆங்காங்கே சின்னச் சின்னத் தீ பிடித்தது. ஆகஸ்டு 20-ம் தேதி சூறைக்காற்று அடித்தது பாருங்கள், சிறு தீயெல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டது. இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா பக்கத்தில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு சாம்பல். குறைந்தது 85 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். பிறந்து சில மாதமே ஆன பூங்காவிலும் அந்தக் கோடையில் 1 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது.

அந்தத் தீயிலே எட்வர்ட் புலாஸ்கி என்ற வனக்காவலர், தம்மோடு இருந்த 40-க்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார். ஐந்து பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் கொத்து உள்ள கருவி ஒன்று அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. காட்டுத் தீயை அணைக்கிறவர்கள் பலர் அதைக் கையில் எடுத்துப் போகிறார்கள்.

இந்த அடிக்குப் பிறகு அரசாங்கம் ஒரு பாடம் படித்தது: தீ சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். மலை உச்சிகளிலே காவல் குடில்கள் எழுந்தன. 1933-க்குப் பிறகு, வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், இளைஞர் படை ஒன்றை அமர்த்திப் பாதை வெட்டினார்கள், டெலிபோன் கம்பி இழுத்தார்கள், இன்னும் பல குடில்களைக் கட்டினார்கள். மரச் சட்டமும் கண்ணாடியும் கோவேறு கழுதை முதுகில் ஏறின. நீளம் 14 அடி, அகலம் 14 அடி. நான்கு பக்கமும் ஜன்னல். பெரும்பாலான குடிலின் அளவு அவ்வளவுதாங்க.

நடுவிலே வட்டமான ஒரு வரைபடப் பலகை. அதைச் சுற்றித் திரும்பும் வளையத்தில் குறி பார்க்கும் துவாரம். புகை தெரிந்தால் வளையத்தைத் திருப்பித் திசையைக் குறித்துக்கொண்டு டெலிபோனில் சொல்வார் காவல்காரர். இன்னொரு உச்சியில் இருப்பவரும் தம் பக்கத்திலிருந்து திசை சொல்வார். இரண்டு கோடும் வரைபடத்தில் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் தீ. இடி மின்னல் வந்தால் அவருக்கே ஆபத்து. அதனால் காலில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய முக்காலி ஒன்று வைத்திருப்பார். மின்னல் ஓயும் வரை அதன்மேல்தான் இருப்பு.

இது ஆம்பிளை வேலை என்று நினைக்க வேண்டாம். 1913-ல் கலிபோர்னியா மலையொன்றில் ஹாலி டாகெட் என்ற பெண்மணி இந்தக் காவலுக்கு வந்தார். தனியாக இருக்கப் பயந்து ஓடிவிடுவார் என்று சிலர் எண்ணினார்கள். முதல் பருவத்திலேயே சுமார் 40 தீயைக் கண்டு சொன்னார்; அத்தனையும் சேர்ந்து எரித்தது 5 ஏக்கருக்கும் குறைவு. பதினான்கு, பதினைந்து கோடை அங்கேயே இருந்தார்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 1935-ல் வனத்துறை ஒரு கட்டளை போட்டது. எந்தத் தீயானாலும் சரி, தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது கட்டளை. நல்ல யோசனையாகத்தானே தோன்றுகிறது? சிறு தீ அவ்வப்போது தரையைத் துடைத்துவிட்டுப் போகும் காடுகளும் உண்டு. அங்கே அதையும் அணைத்துவிட்டதால் சருகும் சுள்ளியும் இளமரமும் அடர்ந்து கிடந்தன. பிறகு பிடித்த தீ பெருந்தீயாயிற்று. அந்நாட்டுப் பழங்குடியினர் காலம் பார்த்துச் சிறு தீ வைத்துவந்த வழக்கத்தையும் தடுத்திருந்தார்கள். தவறு புரிய வெகுகாலம் ஆயிற்று. 1968-ல் பூங்காத்துறை கொள்கையை மாற்றியது; 1970-களில் வனத்துறையும் அந்தக் கட்டளையைக் கைவிட்டது.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆப்கார் குடிலுக்கு ஏற வேண்டும். மூன்றரை மைலுக்குச் சற்று அதிகம். ஏற்றம் 1,850 அடி. 2003-ல் அந்த மலையில் தீ பரவியது. அந்த ஆண்டு பூங்காவில் எரிந்தது 1 லட்சத்து 30 ஆயிரம் ஏக்கருக்கு மேல். கருகி நிற்கும் மரங்களுக்கு நடுவே இளங்கன்றுகள் எழுந்து நிற்கின்றன. அங்குள்ள பைன் வகை ஒன்றில் பல காய்கள் மெழுகு போன்ற பிசினால் மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதை கொட்டும். நமக்கு அழிவாகப் படுவது அந்த மரத்துக்கு விதைப்புக் காலம்!

வழிகாட்டி எதற்கு என்றால், காரணம் உண்டு. ஹக்கிள்பெரி என்ற இன்னொரு குடிலுக்குப் போகிற பாதையில் அதே பெயருள்ள பழம் பழுக்கும். பழத்துக்குக் கரடி வரும். சில சமயம் பாதையையே மூடிவிடுவார்கள்.

விமானமும் செயற்கைக்கோளும் வந்த பின் பல குடில்கள் காலியாயின, சில இடிந்தன. ஆனாலும் இந்த நூற்றாண்டிலும் சில குடில்களில் கோடைதோறும் ஆள் தங்கிக் காவல் இருந்திருக்கிறார்கள். புகை எது, பனிமூட்டம் எது என்று பழகிய கண் சட்டென்று சொல்லிவிடும்.

களத்துமேட்டு வைக்கோல் போரில் புகை கண்டால் நாம் யோசிக்க மாட்டோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அதுதான் சரி. காட்டுக்கு அந்த ஒரே கணக்குப் போதாது. எந்தத் தீயை உடனே அணைப்பது, எதைக் கண்காணித்து விடுவது என்று தெரிய வேண்டும். காவல்காரர் கண்ணுக்குச் சீக்கிரம் பட்டதால்தான் அந்த முடிவை எடுக்க அவகாசமே கிடைத்தது. கொல்லைப் பரணிலே உட்காருகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.