உப்பள உழைப்பும் தழும்புத் திசுவும்: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து

தையல் பிரித்த நாளோடு காயம் ஆறிவிட்டதாக நோயாளி நம்புகிறார். பெரும்பாலான மருத்துவமனைகளின் தொடர்கவனிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் தழும்பு அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கிறது. மூன்றாம் வாரத்தில் காயம்பட்ட இடத்துக்கு இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் அது 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் பெரும்பாலும் ஏறாது. அவசரத்தில் தாறுமாறாக நெய்யப்பட்ட கொலாஜன் இழைகள் கரைந்து, இழுவிசை வரும் திசையில் மறுபடி நெய்யப்படும் வேலை ஓராண்டோ அதற்கு மேலோ நடக்கிறது. கை அசைந்தால் அசைவுக்கு ஏற்ற தழும்பும், அசையாது கிடந்தால் இறுகிய தழும்பும் விளையும். இயன்முறை மருத்துவம் தலையிட வேண்டிய காலம் இதுதான். உப்பளத் தொழிலாளி இந்தக் காலத்தைத் தனியாகவே கடக்கிறார் என்பதும், அது மாற்றக்கூடிய நிலைமைதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் விரிந்து கிடக்கிறது. ஜனவரி வாக்கில் பாத்தி மிதிப்பதில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீள்கிறது. கால் மணிக்கணக்கில் உப்புநீரில் நிற்கிறது. நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையால் உப்பை வாரும்போது உள்ளங்கையும் மணிக்கட்டும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. வாரிய உப்பு தலைச்சுமையாகக் கரையேறும்போது கழுத்தும் பாதமும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. பக்கத்திலேயே ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விபத்துகளும் இதே மக்களின் கைகால்களில் தழும்புகளை விட்டுச் செல்கின்றன.

புதுத் தழும்புக்கு இந்த வேலையிடம் ஏன் கடுமையானது? அதன் மேல்தோலால் ஈரத்தைச் சரியாகப் பிடித்து வைக்க முடியாது. இயல்பான தோலைவிட அதிகமாக நீரை இழக்கும் இந்தக் குறை பல மாதங்களுக்கு நீடிக்கிறது. ஆழமான தழும்பில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. செறிந்த உப்புநீர் மிச்ச ஈரத்தையும் உறிஞ்ச, வறண்ட மேற்பரப்பு வெடிக்கிறது. வெடிப்பில் அழற்சி மறுபடி மூள, திசுவைச் சுருக்கும் மையோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஓய்வுக்குப் போகாமல் வேலையைத் தொடர்கின்றன. தழும்பு தடித்து மேலெழுவதற்கும், மூட்டின் மேல் அமைந்தால் அம்மூட்டையே மடக்கி வைப்பதற்கும் இதுதான் வழி. வெயில் அந்த இடத்தைக் கருக்கவும் செய்யும்; அது தோற்றம் பற்றியது, நான் கவலைப்படுவது நிமிராத விரலைப் பற்றி.

இந்தக் கவலைக்குத் தமிழ்நாட்டிலேயே ஆழமான அறிவுமரபு உண்டு. 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கி இறுகிய கைகளைக் கண்ட பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தசைநாண் இடமாற்ற அறுவைகளை வளர்த்தெடுத்தார். அறுவை வரலாறு இதை ஒரு கத்தியின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். என் பார்வையில் பாதி வெற்றி கத்திக்கு வெளியே இருந்தது. இடம்மாற்றிய தசைநாண் சுற்றுத்திசுவோடு ஒட்டிக்கொண்டால் அறுவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விரல் அசையாது. அதனால் அறுவைக்கு முன் மூட்டைத் தளர்த்துவதும், பின்னர் புதிய அசைவைப் பழக்குவதும் இயன்முறை சிகிச்சையாளரின் பொறுப்பாயின. இறுகிய விரலை வலிந்து இழுத்தால் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு அவையும் தழும்பாகும் என்பதை பிராண்ட் மிக அழுத்தமாக வற்புறுத்தினார். அவர் கையாண்ட மாற்றுவழி, சிறு மாவுக்கட்டு போட்டு, சில நாளுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, திசு இசைந்த அளவுக்கு மட்டும் நிமிர்த்தி மறுபடி கட்டுவது. திசு நீண்டு கொடுப்பதில்லை, மென்மையான தொடர் இழுவிசையில் வளர்ந்து கொடுக்கிறது என்ற புரிதல் அது. 1966இல் வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் முயற்சியால் எழுந்த மறுவாழ்வு நிலையம், அறுவைக்குப் பிந்தைய காலத்துக்கென்றே ஓர் இடத்தைக் கட்டித் தந்தது.

இயன்முறையின் பெயரால் செய்வதெல்லாம் நிறுவப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தழும்பைத் தேய்த்துவிடுதல் பற்றி 2012இல் வந்த ஒரு மீளாய்வு, 144 நோயாளிகளில் 45.7 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் கண்டது. அறுவைத் தழும்புகளில் பலன் கூடுதல். ஆனால் தேய்த்த முறையும் அளந்த முறையும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டன. இறுகிய மூட்டை இழுத்து நீட்டும் பயிற்சியை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வின் முடிவு இன்னும் கடுமையானது: ஏழு மாதத்துக்கும் குறைவாகச் செய்யும் நீட்டலால் சிகிச்சைப் பொருளுள்ள பலன் இல்லை. அதில் நரம்பியல் நோயாளிகளும் பிறரும் கலந்திருந்தனர். உள்ளங்கைத் தழும்புக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் இறுகிய பிறகு இழுப்பதைவிட இறுகாமல் காப்பதே நம்பத்தக்கது என்ற முடிவுக்கு இவ்விரண்டும் என்னை இட்டுச் செல்கின்றன. தசைநாண் தைத்த சில நாட்களிலேயே, ஸ்பிளிண்ட் எனும் தாங்குபட்டையின் காவலில் விரலை அளவோடு அசைக்கும் முறை 1960களில் அமெரிக்காவில் கை அறுவை மருத்துவர் கிளைனர்ட் குழுவினரால் பரவி இன்று வழக்கமாகிவிட்டது. அதே அசைவு எட்டாம் வாரத்தில் தொடங்கினால் வேறொரு கையைத்தான் பெறுவோம்.

இங்கேதான் பொதுநலக் கொள்கை பின்தங்குகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிர் காக்கும் திட்டம் அது. அதன் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மீட்ட உயிர் உழைக்கக்கூடிய கையோடு திரும்ப வேண்டுமானால் 48 மணிக்குப் பின் 12 மாதத்துக்கும் ஒரு பொறுப்பாளர் தேவை. அவர் இருக்கிறார் என்பதுதான் என் வாதத்தின் மையம். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதமும் முதுமையும் அதன் இயல்பான பயனாளிகளாகக் கருதப்படுகின்றன. கையில் தசைநாண் தைத்த முப்பது வயதுக்காரர் அந்தப் பட்டியலில் இயல்பாக வருவதில்லை. புதுவை ஜிப்மரோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ தரும் விடுவிப்புச் சீட்டில், அசைவு தொடங்கும் நாள், ஸ்பிளிண்ட் கழற்றும் நாள், உப்புநீர் படக்கூடாத காலம் மூன்றையும் எழுதி, சீட்டின் படியொன்றை வட்டார இயன்முறை சிகிச்சையாளருக்கு அனுப்பப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

கூலி இழந்து யார் வீட்டில் இருப்பார் என்ற மறுப்பு நியாயமானது. முழு ஓய்வு நான் கேட்பதல்ல. இறுகிய மூட்டை விடுவித்துத் தோல் ஒட்டுவது போன்ற, நாள் குறித்துச் செய்யும் அறுவைகளை அக்டோபரில் வைத்தால், உற்பத்தி நின்று அரசின் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வரும் மாதங்களே திசு வலுவடையும் மாதங்களாகவும் அமையும். விபத்துக்கு அந்த வசதி இல்லை. மார்ச்சில் வெட்டுப்பட்டவரை மேஸ்திரியோடு பேசி முதலில் சிப்பம் தைக்கும் பக்கமோ கணக்குப் பக்கமோ மாற்றி, உப்பு வாருவதைப் பன்னிரண்டாம் வாரத்துக்குத் தள்ளி, பாத்தி மிதிப்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை இரவில் தேய்த்துவிட வீட்டாருக்குச் சொல்லித் தரலாம். தேய்க்கும் விரலின் அழுத்தம் எவ்வளவு, எந்த வாரம் தொடங்குவது என்பதை மட்டும் சிகிச்சையாளர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.