மூளைப் படம் விரைவுபெற்ற வரலாறு

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து பக்கவாத நோயாளியைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுசெல்லும்போது, வழியில் கழியும் நேரத்தோடு காந்த அதிர்வுப் படம் எனப்படும் எம்.ஆர்.ஐ. எடுக்கும் நேரமும் சேர்கிறது. இந்த இரண்டாம் நேரம் எவ்வாறு சுருங்கியது என்பதே இங்குப் பொருள். உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை வரிவரியாகத் திரட்டும் இக்கருவி, தொடக்கத்தில் ஒரு தூண்டலுக்கு ஒரு வரியே பெற்றதால், 2 விநாடிக்கு ஒரு தூண்டல் வீதம் 256 வரிகளுக்கு எட்டு நிமிடத்துக்கும் மேலாக நோயாளி அசையாதிருக்க வேண்டியிருந்தது.

நாட்டிங்காமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு 1977இல் முன்வைத்த எதிரொலித் தள முறை எல்லா வரிகளையும் ஒரே தூண்டலில் பெற முனைந்தது. ஆயினும் இடத்தைக் குறிக்கும் சரிவுக் காந்தப்புலங்களை அத்தனை விரைவாக மாற்றும் ஆற்றல் அக்காலக் கருவிகளுக்கு இல்லாமையால் அது நெடுங்காலம் காத்திருந்தது. இடைக்காலத்தில், 1986இல், ஜெர்மனியின் யூர்கன் ஹென்னிக் குழுவினர் ஒரு தூண்டலுக்குப் பல எதிரொலிகளை, எதிரொலிக்கு ஒரு வரியாக, திரட்டினர். 2003ஆம் ஆண்டு நோபல் பரிசில் மேன்ஸ்ஃபீல்டு பங்கு பெற்றாரெனினும், மருத்துவமனைகளின் அன்றாடப் படங்கள் பெரிதும் கடன்பட்டிருப்பது ஹென்னிக் குழுவினரின் அடக்கமான வழிக்கே எனலாம். பக்கவாதத்தில் மட்டும் நிலை வேறு: நீர்மூலக்கூறுகளின் நகர்ச்சி குன்றுவதைக் கொண்டு பாதிப்பைத் தொடக்க மணிநேரங்களிலேயே காட்டும் விரவல் படம், பெரும்பாலும் மேன்ஸ்ஃபீல்டின் முறையாலேயே எடுக்கப்படுகிறது.