மலேரியா மருந்தும் ஒரு நொதியமும்

புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய வீதியில், கலா ஓயாவை அண்டியுள்ள எலுவன்குளம் போன்ற உலர் வலயக் கிராமங்களுக்கு மலேரியா புதியதொன்றல்ல. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டு நோயாளர் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. ஆயினும், தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் வெளிநாடு சென்று திரும்புவோருடன் நோய்க்கிருமி இங்கு வருகின்றது. நோயைப் பரப்பும் நுளம்பும் இங்குண்டு. எனவே, மலேரியாச் சிகிச்சையோடு தொடர்புடைய ஒரு நொதியத்தைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

'ஜீ-6-பீ-டீ' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்நொதியம், கலங்களில் குளுக்கோசின் அனுசேபத்தில் பங்கெடுக்கின்றது. அதன் செயற்பாட்டினால் உண்டாகும் ஒரு பொருளுக்கு இருவேறு பணிகள் உள்ளன. கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலம், அதனை அழிக்கும் நச்சு ஒட்சிசன் சேர்வைகளை அப்பொருளைக் கொண்டே ஆக்குகின்றது. செங்குருதிக் கலமோ அத்தகைய சேர்வைகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அதனையே பயன்படுத்துகின்றது. ஒன்றுக்கு வாளாகவும் மற்றொன்றுக்குக் கேடயமாகவும் அமைவது ஒரே பொருள்தான்.

இந்நொதியக் குறைபாடு பரம்பரையாக வருவது. ஆண்களுக்குத் தாய்வழியே கடத்தப்பட்டு, அவர்களையே பெரும்பாலும் பாதிக்கின்றது. உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோரிடம் இது உண்டெனக் கணிக்கப்பட்டுள்ளது. குறைபாடு மிகக் கடுமையாகவுள்ள சிலரில் வெண்குருதிக் கலங்களின் கிருமி கொல்லும் ஆற்றலும் குன்றிவிடும். ஏனைய பெரும்பாலோர் சுகதேகிகளாகவே வாழ்வர். ஆனால் சில மருந்துகள், தொற்றுக்கள், மத்திய கிழக்கில் உண்ணப்படும் 'பூல்' அவரை, நப்தலின் உருண்டை ஆகியன அவர்களது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடும்.

அம்மருந்துகளுள் ஒன்று பிறிமாகுயின். ஈரலில் உறங்கிக் கிடக்கும் 'விவெக்ஸ்' மலேரியாக் கிருமியை அழித்து, நோய் மீளாது தடுப்பது அதுவே. குறைபாடுள்ளவர்களுக்கு நாளாந்த மருந்துக்குப் பதிலாக, மருத்துவக் கண்காணிப்பின் கீழ் வாரம் ஒரு தடவையாக 8 வாரங்கள் வழங்கும் முறையும் உண்டு. எனவே மருந்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. முன்கூட்டிய குருதிப் பரிசோதனையே வேண்டியது.

வெளிநாட்டிலிருந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். மருந்துண்ணும்போது சிறுநீர் கருமையடைந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறைபாடு இருப்பின் மறைக்காது தெரிவித்தல், அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவியென்றே நாம் கருதுகின்றோம்.