தோட்டாவின் எண்ணைத் தீர்மானித்தது யார்?

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். வகுப்பில் இதனை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனினும் அதற்குள் வேட்டுவனின் பழைய கேள்வியொன்று ஒளிந்திருக்கிறது: எவ்விலங்கிற்கு எவ்வளவு ஊடுருவும் ஆற்றல் வேண்டும்?

ஈராயிரம் ஆண்டுகள் கழித்து இதே மலைகளுக்கு வந்த வெள்ளைக்கார வேட்டையாளர்களும் அக்கேள்வியையே கேட்டனர். கருமருந்துக் காலத்தில் விடை எளிது: பருத்த ஈயக்குண்டு, அகன்ற குழல். பின்னர் கார்டைட் என்னும் புகை குறைந்த வெடிமருந்து வந்தது. 1898இல் இலண்டனின் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. 31 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகத்தில் செலுத்திய அது, யானைக்கும் காட்டெருமைக்கும் போதுமானதாயிற்று.

குழல் நீளத்திலும் கணக்கு உண்டு. நீண்ட குழலில் மருந்தின் அழுத்தம் குண்டை அதிக நேரம் உந்துவதால் வேகம் சற்றுக் கூடும். ஆனால் மூங்கிற்புதருக்குள் திடீரெனத் திரும்பிச் சுட வேண்டியவனுக்கு நீளமே பகையாகும். ஆகவே 24 முதல் 28 அங்குலத்திற்குள் அவரவர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்தனர். நம் வெயிலும் குறுக்கிட்டது. வெப்பத்தில் கார்டைட்டின் அழுத்தம் உயர்ந்து, சுட்ட தோட்டாவின் கூடு குழலிலேயே இறுகிக்கொள்ளும். எனவே வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களை விற்றனர்.

இதுவரை விலங்கும் காடும் வெயிலுமே தீர்மானித்தன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நான்காவதாக ஒன்று நுழைந்தது. அது ஆட்சியின் அச்சம். அரசுக்கு எதிரானவர்களின் கைகளுக்குப் போன பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கிகளுக்கு .450 வகைக் குண்டுகள் பயன்படக்கூடும் என்று கருதி, அவ்வகையை இந்தியாவிற்குள் இறக்குமதி செய்ய ஆங்கில அரசு தடை விதித்தது. உடனே இலண்டன் நிறுவனங்கள் .465, .470, .475 என்று எண்ணைச் சற்றே மாற்றிப் புதிய தோட்டாக்களைச் சந்தைப்படுத்தின. வேட்டையில் அவை ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்தன. புலி மாறவில்லை, குடிகளைப் பற்றிய ஐயமே எண்ணை மாற்றியது.

அந்த ஐயத்தின் சட்ட வடிவம் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். ஐரோப்பியர்க்கு விலக்கு; இந்தியர்க்கு உரிமம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் துப்பாக்கியுடன் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைத் தேடிச் சென்ற கதையை, 1954இல் வெளிவந்த அவருடைய நூலில் நாம் வியந்து படிக்கிறோம். அத்தகைய காட்டோர ஊர்களில் உரிமமில்லாக் குடியானவன், புலி வந்தால் துப்பாக்கியுள்ள துரைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததையும் சேர்த்தே அக்கதைகளைப் படித்தல் வேண்டும்.

எங்கள் புதுவையில் அச்சட்டம் செல்லவில்லை. இது பிரெஞ்சு மண். 1910இல் வ.வே.சு. ஐயர் இங்கு வந்து சேர்ந்தார். அவரிடம் இங்கே சுடும் பயிற்சி பெற்றவர் வாஞ்சிநாதன் என்பர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைக் கொன்றது, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. தடை குறிவைத்தது பெரிய தோட்டாவை. அரசு அஞ்சியது நிகழ்ந்ததோ, ஆடைக்குள் மறையும் குறுங்குழல் ஒன்றால்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. ஆனால் இராணுவத் தோட்டா குடிமக்களுக்கு ஆகாது என்ற விதி விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. அதனால்தான் .303 விலக்கப்பட்டு, இந்திய அரசின் தொழிற்சாலையிலேயே குடிமக்களுக்கென .315 துப்பாக்கி செய்யப்பட்டது. ஆண்டவர் போயினர், அவர்கள் வகுத்த ஐயம் எண்ணாக நிலைத்துவிட்டது. ஓரியின் அம்பை அளந்தவர் புலவர். பின்வந்த தோட்டாக்களை அளந்தவர், குடிகளை நம்பாத ஆட்சியாளர்.