சிப்பாயின் சம்பளப் புத்தகம்



திருநின்றவூரில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கிறார். கம்பெனிப் பயிற்சிக்காக ஜெர்மனி போனபோது, தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் தன் தாத்தாவின் பழைய புத்தகம் ஒன்றைக் காட்டினாராம். இரண்டாம் உலகப்போர் காலத்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இதை வைத்து அவர் எங்கெல்லாம் போனார் என்று கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

பெரும்பாலும் முடியும். அதன் பெயர் 'சோல்ட்புக்'. சம்பளப் புத்தகம் என்று பொருள். ஜெர்மன் சிப்பாய்க்கு அடையாளச் சான்றும் அதுதான். எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். பெயர், பதவி உயர்வு, அடையாளத் தகட்டு எண், ரத்தப் பிரிவு, காலணி அளவு, படைப்பிரிவு, பெற்றோர் அல்லது மனைவியின் முகவரி, கொடுத்த உடுப்பு, துப்பாக்கி, போட்ட தடுப்பூசி, மருத்துவமனையில் இருந்த நாட்கள், பதக்கம், விடுப்பு எல்லாம் அதில் உண்டு.

களத்தில் இருந்த படைகளின் முத்திரையில் பெரும்பாலும் படையின் பெயர் இருக்காது. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ஐந்து இலக்க அஞ்சல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் படைக்கு உரியது என்பதற்குப் பட்டியல் உண்டு. அந்தப் படை அந்த மாதம் எங்கே நின்றது என்று பார்த்து, மருத்துவமனைத் தேதியோடு பொருத்தினால் மனிதர் போன வழி தெரிந்துவிடும். மேற்கொண்டு தேட ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போர்வீரர்களைப் பற்றிய பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் அதோடு இணைந்துவிட்டது.

இந்தப் புத்தகத்தை நம் நாட்டவரும் சுமந்தார்கள் என்பதை வகுப்பில் சொல்ல எனக்கு நேரம் கிடைத்ததில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் போய் வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டவர்களைக் கொண்டு, நேதாஜி ஜெர்மனியில் ஒரு படை திரட்டினார். ஜெர்மன் ராணுவத்தின் 950-ஆம் ரெஜிமென்ட். ஏறத்தாழ 3,000 பேர். 1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டுவிட்டார். இவர்களோ ஹாலந்து கடற்கரைக்கும், பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1944 ஆகஸ்டில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் கீழ் கொண்டுபோனார்கள். 1945-ல் நேச நாடுகளிடம் மறுபடியும் சிறை.

ஒரே மனிதர், சில ஆண்டுகளுக்குள் இரண்டு அரசுகளின் சிப்பாய். ஏன் மாறினார்? நாட்டுப்பற்றா, முகாமின் பசியா, கூட இருந்த நண்பன் சேர்ந்ததாலா? அதற்கு அந்தப் புத்தகத்தில் பக்கம் கிடையாது. ஜெர்மன் தாத்தா போன ஊர்களில் என்ன செய்தார் என்பதற்கும் பக்கம் கிடையாது. ஆகவே மாணவரிடம் சொன்னேன்: "எங்கே, எப்போது என்பதைத் தேடு. நல்லவரா கெட்டவரா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதே."

அவருக்குப் பதில் எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சின்னத் தாத்தாவும் அதே போரில் பர்மா பக்கம் போய் வந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ராணுவக் காகிதங்கள் ஒரு கட்டு இருந்தது. அவர் காலமான பிறகு ஒரு போகிப் பண்டிகையில், கிழிந்த பாயோடு சேர்த்து அதையும் எரித்துவிட்டோம். தீயில் போட்டவன் நான்தான். அப்போது நான் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன்!

இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் தனி ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. எழுதிக் கேட்க வேண்டுமானால் அவருடைய சிப்பாய் எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் சாம்பலாகிவிட்டன. "பர்மா போனார்" என்ற இரண்டு சொல்தான் மிச்சம்.

உங்கள் வீட்டுப் பரணில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ, பதக்கமோ, பழைய மணியார்டர் துண்டோ இருந்தால் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். அடுத்த போகிக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.