ஏகபோகமும் விசாரணை அதிகாரமும்

வணிகர் சிலர் மறைவில் கூடி விலையை உயர்த்தினால், தில்லியிலோ மும்பையிலோ குடித்தனம் நடத்தும் நம் அனைவர்மீதும் அதன் சுமை விழுகிறது. 1964-இல் நீதிபதி தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் கமிஷன் அமைந்தது; அதன் அறிக்கையின் பயனாக 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி அமைந்த கமிஷன், ‘இனிச் செய்யற்க’ என்று ஆணையிடும் அதிகாரம் பெற்றிருந்தது. செய்த பிழைக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. 2009-இல் நடைமுறைக்கு வந்த 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத் தடைகள் அக்குறையை நீக்கின. மாஜிஸ்திரேட்டின் அனுமதியுடன் சோதனையிட்டு ஏடுகளைக் கைப்பற்றவும் அச்சட்டம் இடமளிக்கிறது. மறைவான உடன்பாடு தானே வெளிவராது. ஆதலின் தேடும் அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரத்திற்கு வேலியாவது அந்த அனுமதியே என்பதை நாம் மறத்தலாகாது.